கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்கள்... திடீர் வயிற்றுவலியைப் பொறுத்துக்கொள்ளலாமா?

இரவு பத்தரை மணி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகளுக்கு அடிவயிற்றின் வலது பக்கத்தில் சுரீரென ஒரு வலி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

"என்னம்மா ஆச்சு?"

"தெரியல அத்தை... ஒரு பக்கமா புடிச்சு இழுக்குது."

"மத்தியானம் சாப்பிட்ட கிழங்கு சேரல போல. வாயுவாத்தான் இருக்கும். ஓமத்தண்ணி வெச்சுத் தர்றேன், குடிச்சிட்டுப் படு. காலையில பார்த்துக்கலாம்."

பீரியட்ஸ் பத்து நாள் தள்ளிப்போயிருப்பது மருமகளுக்கு மட்டுமே தெரியும். இரண்டு நாளாக லேசாக ரத்தம் பட்டதைப் பார்த்து, 'தள்ளிப்போனது வந்துடுச்சு' என்று அவரும் விட்டுவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவருக்குக் கண் இருட்டுகிறது. கதவருகிலேயே சரிந்து விழுகிறார்.

இது ஏதோ ஒரு வீட்டில் நடந்த சம்பவம் அல்ல. ஆனால், கருக்குழாயில் தங்கிய கரு வளர்ந்து குழாய் வெடிக்கும்போது பல வீடுகளில் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. அந்த வலி வாயு அல்ல. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்ததன் அறிகுறி. ஓமத்தண்ணீர் கொடுத்த அத்தையின் அன்பில் குறையில்லை. கையை விட்டுப்போனது இரவு பத்தரைக்கும் விடியற்காலை நான்குக்கும் இடைப்பட்ட நேரம்தான்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வரும் வயிற்றுவலியில் எது சாதாரணம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும், மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? வீட்டில் உள்ள எல்லோருமே தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

எல்லா வலியும் ஆபத்தா?

இல்லை. கருப்பை விரியத் தொடங்கும்போது, பீரியட்ஸ் நேரத்தில் வருவதுபோல லேசான இழுப்பு வலி பலருக்கும் வரும். கர்ப்பகால ஹார்மோனால் குடலின் வேகம் குறைவதால் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வரும். இந்த வலிகள் வரும், போகும். ஓய்வெடுத்தால் குறையும். நடக்கவும் பேசவும் முடியும்.

திடீரெனத் தொடங்கும் வலி, ஒரே பக்கத்தில் குத்தும் வலி, நேரம் ஆக ஆகக் கூடும் வலி ஆகியவற்றை அப்படி விடக்கூடாது. வலியோடு ரத்தப்போக்கு, தலைசுற்றல், மயக்கம், காய்ச்சல், நிற்காத வாந்தி என ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அது அவசர நிலைதான்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்!

கருவுற்ற முட்டை கருக்குழாய் வழியாக நகர்ந்து வந்து கருப்பைக்குள் பதிய வேண்டும். சிலருக்கு அது வழியிலேயே தங்கிவிடுகிறது. இதை 'எக்டோபிக் கர்ப்பம்' என்கிறார்கள். 100 கர்ப்பங்களில் ஒன்று முதல் இரண்டு வரை இப்படி அமைகின்றன. அவற்றிலும் 90 சதவிகிதத்துக்கு மேல் கருக்குழாயில்தான் தங்குகின்றன.

கருப்பை ரப்பர் பலூன்போல விரிந்து கொடுக்கும். கருக்குழாய் மெல்லியது, அதற்கு அந்தச் சக்தி இல்லை. பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள், அதாவது பீரியட்ஸ் தள்ளிப்போய் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தொல்லை தொடங்கிவிடும். குழாய் வெடித்தால் ரத்தம் வெளியே வராமல் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். அதனால்தான், 'கொஞ்சமாத்தானே ரத்தம் படுது' என்று ஏமாந்துவிடுகிறார்கள். வெளியே தெரியும் ரத்தத்தின் அளவை வைத்து உள்ளே நடப்பதை எடைபோட முடியாது.

தோள்பட்டையின் நுனியில் வரும் வலி இன்னொரு முக்கிய அறிகுறி. வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, அங்குள்ள நரம்பின் வழியாக அந்த வலி தோளில் உணரப்படும். படுத்தால் கூடலாம். அடிவயிற்று வலியோடு தோள்வலியும் சேர்ந்தால், 'தூக்கத்துல கழுத்து புடிச்சிருக்கும்' என்று தைலம் தேய்க்கும் நேரமல்ல அது. அடிக்கடி மலம் கழிக்க வேண்டும் போன்ற உணர்வும், எழுந்து நின்றால் கண் இருட்டுவதும் கூட உள் ரத்தக்கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம்.

ஏற்கெனவே எக்டோபிக் கர்ப்பம் ஆனவர்கள், கருக்குழாயில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், இடுப்புப் பகுதியில் தொற்று வந்தவர்கள், ஐ.வி.எஃப் மூலம் கருவுற்றவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஆனால், எக்டோபிக் ஆனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தக் காரணங்களில் எதுவுமே இருப்பதில்லை. 'எனக்கு அப்படியெல்லாம் வராது' என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

"ஆபரேஷன் பண்ணியாச்சே... எனக்கு எப்படி?"

குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் தமிழகத்தில் மிக அதிகம். வயிற்றுவலி என்று வரும்போது, கர்ப்பமாக இருக்குமோ என்ற எண்ணமே இவர்களுக்கு வருவதில்லை. அந்த ஆபரேஷன் தோற்பது அபூர்வம். ஆனால், தோற்றுக் கர்ப்பம் உண்டானால், அது கருக்குழாயில் தங்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்று. காப்பர் டி பொருத்தியிருக்கும்போது கரு தங்கினாலும் இதே சந்தேகம் எழ வேண்டும்.

அதனால், பிள்ளை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண் அடிவயிற்று வலியோடு வந்தாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வது மருத்துவத்தின் அடிப்படை விதி. கல்யாணம் ஆகாதவர், ஆபரேஷன் செய்தவர், 'இப்போதான் பீரியட்ஸ் முடிஞ்சது' என்பவர் என யாருக்கும் விதிவிலக்கு இல்லை. இந்தக் கேள்வியை அவமானமாக நினைக்க வேண்டாம். சில நிமிடங்களில் முடிவு சொல்லும் அந்தப் பரிசோதனை, சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

கடையில் வாங்கிய மாத்திரை

கர்ப்பம் வேண்டாம் என்று நினைக்கும் சிலர், ஸ்கேன் பார்க்காமலேயே மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். கரு கருக்குழாயில் இருந்தால் அந்த மாத்திரையால் பயனில்லை. மாத்திரை போட்டதும் கொஞ்சம் ரத்தப்போக்கும் வலியும் வரும். 'கலைஞ்சிடுச்சு' என்று நம்பிவிடுவார்கள். குழாய் வெடிக்கும்போது வரும் வலியையும் மாத்திரையின் விளைவு என்றே பொறுத்துக்கொள்வார்கள். கர்ப்பத்தைத் தொடர்வதோ வேண்டாம் என்பதோ அந்தப் பெண்ணின் முடிவு. எந்த முடிவானாலும், மருத்துவரைப் பார்த்து, கரு எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் மாத்திரை.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். இளம் வயதினருக்கு உள்ளே நிறைய ரத்தம் கசிந்த பிறகும் ரத்த அழுத்தம் சிறிது நேரம் இறங்காமல் தாக்குப்பிடிக்கும். ஆகவே, 'பி.பி நார்மலாத்தான் இருக்கு' என்பது மட்டும் ஆறுதல் ஆகாது. ஹீமோகுளோபின், ரத்த வகை ஆகியவற்றுக்கு ரத்தம் எடுப்பார்கள். கர்ப்ப ஹார்மோனான பீட்டா ஹெச்.சி.ஜி அளவையும் பார்ப்பார்கள்.

அடுத்து ஸ்கேன். மிக ஆரம்பக் கர்ப்பத்தில் வயிற்றின் மேலிருந்து பார்க்கும் ஸ்கேனைவிட, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரியும். 'உள்ளே விட்டுப் பார்த்தா கரு கலைஞ்சிடும்' என்று பயந்து பலர் மறுக்கிறார்கள். இந்த ஸ்கேன் ஒலி அலையால் இயங்குவது. கதிர்வீச்சு இல்லை. இதனால் கரு கலைவதும் இல்லை.

ஐந்து வாரம் வாக்கில் கருப்பைக்குள் கருவின் நீர்ப்பையும், ஆறு வாரம் வாக்கில் இதயத்துடிப்பும் ஸ்கேனில் தெரியத் தொடங்கும். சிலருக்கு டெஸ்ட் பாசிட்டிவாக இருந்தும் கரு எங்கேயும் தென்படாது. அது மிக ஆரம்பக் கர்ப்பமாக இருக்கலாம், கலைந்துபோன கருவாக இருக்கலாம், எக்டோபிக்காகவும் இருக்கலாம். நோயாளி நிலையாக இருந்தால், 48 மணி நேரம் கழித்து மீண்டும் பீட்டா ஹெச்.சி.ஜி பார்ப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் இந்த இடைவெளியில் அளவு நன்றாக ஏறும். பலருக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மந்தமாக ஏறினாலோ, ஏறாமல் அப்படியே நின்றாலோ சந்தேகம் வலுக்கும். 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க' என்று மருத்துவர் சொன்னால், அந்த இரண்டாவது ரத்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. இடையில் வலி கூடினால் இரண்டு நாள் கணக்கு பார்க்காமல் உடனே திரும்பிப் போக வேண்டும்.

மருந்தா, ஆபரேஷனா?

'குழாயில் இருக்கும் கருவை எடுத்துக் கருப்பையில் வைக்க முடியாதா?' என்பது பல குடும்பங்கள் கண்ணீரோடு கேட்கும் கேள்வி. முடியாது. அந்தக் கர்ப்பத்தைக் காப்பாற்ற வழியில்லை. தாயைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

குழாய் வெடிக்காமல், கரு சிறியதாக, ஹார்மோன் அளவு குறைவாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட் என்ற ஊசி கொடுக்கப்படும். ஊசி போட்ட 4-ம் நாளும் 7-ம் நாளும் ரத்தப் பரிசோதனை செய்து, ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு, கர்ப்ப ஹார்மோன் முற்றிலும் மறையும்வரை வாரம் ஒருமுறை பரிசோதனை தொடரும். இந்தக் காலத்தில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று மாதங்கள் இடைவெளி விடச் சொல்வார்கள். ஊசி போட்ட பிறகும் குழாய் வெடிக்கலாம் என்பதால், மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அவசியம்.

வெடித்துவிட்டாலோ, வெடிக்கும் நிலையில் இருந்தாலோ ஆபரேஷன்தான். பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி; ரத்தம் அதிகம் கசிந்திருந்தால் வயிற்றைத் திறந்தும் செய்வார்கள். பாதிக்கப்பட்ட குழாய் பெரும்பாலும் அகற்றப்படும். 1883-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர், வெடித்த கருக்குழாயை அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அதற்கு முன்பு, குழாய் வெடித்தால் பெரும்பாலும் மரணம்தான். இன்று நேரத்துக்கு வந்து சேர்ந்தால் பிழைத்துவிடலாம்.

தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு குழாய் போனாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் மீண்டும் தாயாக முடியும். ஆனால், எக்டோபிக் மறுபடியும் வரும் வாய்ப்பு சுமார் 10 சதவிகிதம் உண்டு. எனவே, அடுத்த முறை டெஸ்ட் பாசிட்டிவ் என்று தெரிந்ததுமே மருத்துவரிடம் சொல்லி, ஆறு வாரம் வாக்கில் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும்.

முறுக்கிக்கொள்ளும் சினைப்பை

கரு கருப்பைக்குள் சரியாகவே இருக்கும். ஆனாலும் உயிர் போகிற வலி வரும். சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொண்டு, அதற்குப் போகும் ரத்த ஓட்டம் தடைபடுவது இதற்கு ஒரு காரணம். ஆரம்பக் கர்ப்பத்தில் சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பது சகஜம். குழந்தைக்காக ஹார்மோன் ஊசி போட்டவர்களுக்கு சினைப்பையே வீங்கியிருக்கும். அந்த எடையில் அது முறுக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் திடீரென வலி, கூடவே குமட்டல், வாந்தி. வலி விட்டு விட்டும் வரலாம்.

'மசக்கை வாந்திதானே' என்று விட்டால் சினைப்பையையே இழக்க நேரிடும். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அறிகுறிகள் பலமாக இருந்தால் லேப்ராஸ்கோப்பி செய்து முறுக்கை விடுவிப்பார்கள். கறுத்துப்போனதாகத் தெரியும் சினைப்பைகூடப் பல நேரம் மீண்டுவிடும். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரான், முதல் சில வாரங்களில் சினைப்பையிலிருந்துதான் சுரக்கிறது. அந்தப் பகுதியை எடுக்க வேண்டி வந்தால், அதை ஈடுகட்ட மருந்து தருவார்கள்.

குடல்வால் அழற்சி: தாமதமே எதிரி

கர்ப்பத்தோடு தொடர்பில்லாத அவசர வயிற்று ஆபரேஷன்களில், கர்ப்பிணிகளுக்கு அதிகம் தேவைப்படுவது அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்தான். வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி இருக்காது. காய்ச்சல் வரலாம். மசக்கையில் வாந்தி மட்டும் வரும். குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் முதலில் வலி, பிறகு வாந்தி. இந்த வரிசையை மருத்துவரிடம் சொல்வது பெரிய உதவி. கர்ப்பத்தில் வெள்ளை அணுக்கள் இயல்பாகவே கூடும் என்பதால், ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. ஸ்கேனில் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ பார்ப்பார்கள்.

குடல்வால் வெடிக்காமல் இருக்கும்போதே ஆபரேஷன் செய்தால், கரு கலையும் வாய்ப்பு நூற்றில் சில பேருக்குத்தான். வெடித்துச் சீழ் பரவிவிட்டால் அது 20 சதவிகிதத்தைத் தாண்டிவிடுகிறது. கர்ப்பத்தில் குடல்வால் அழற்சியால் நேரும் மரணம், உண்மையில் தாமதத்தால் நேரும் மரணம் என்ற பொருளில் அமெரிக்க மருத்துவர் பாப்ளர் 1908-லேயே எழுதினார். நூறாண்டு கடந்தும் அது மாறவில்லை.

சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், பித்தப்பைக் கல் ஆகியவையும் கர்ப்பத்தில் கடும் வலி தரும். வலி எங்கே, எரிச்சல் உண்டா, குளிர்க்காய்ச்சல் உண்டா என்பதை வைத்து மருத்துவர் பிரித்தறிவார்.

கருச்சிதைவு என்றால்...

உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 10 முதல் 20 சதிவிகிதம் வரை கலைந்துவிடுகின்றன. ஆரம்பத்திலேயே கலைபவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. மாடிப்படி ஏறியதோ, பஸ்ஸில் போனதோ காரணம் அல்ல. இழப்பில் இருக்கும் பெண்ணிடம், 'நீ அன்னிக்கு அதைத் தூக்கினியே' என்று சொல்வதைப்போல ஒரு கொடுமை இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனையும் அளவுக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்து ரத்தம் போனாலோ, காய்ச்சலும் துர்நாற்றமும் சேர்ந்தாலோ காத்திருக்கக் கூடாது.

ஸ்கேனும் மயக்க மருந்தும் கருவைப் பாதிக்குமா?

பல குடும்பங்களைத் தயங்க வைக்கும் கேள்வி இதுதான். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ-யிலும் கதிர்வீச்சு கிடையாது. சி.டி ஸ்கேனில் உண்டு. ஆனால், ஒருமுறை எடுக்கும் சி.டி-யின் கதிர்வீச்சு, கருவுக்குக் கேடு செய்வதாகக் கருதப்படும் அளவைவிடப் பொதுவாகக் குறைவுதான். தாயின் உயிர் அதைப் பொறுத்திருந்தால் மருத்துவர்கள் தயங்குவதில்லை. லேப்ராஸ்கோப்பியையும் மயக்க மருந்தையும் தேவைப்பட்டால் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் பயன்படுத்தலாம். அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிப்போடலாம். அவசரமானதைத் தள்ளிப்போட்டால் தாய்க்கும் ஆபத்து, கருவுக்கும் ஆபத்து.

மூன்று மாத மௌனம்

'மூணு மாசம் முடியுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே, கண்ணு பட்டுடும்' என்பது பல வீடுகளின் வழக்கம். ஊருக்குச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. ஆனால், மேலே சொன்ன ஆபத்துகளில் பெரும்பாலானவை வருவது அந்த மூன்று மாதங்களில்தான். வீட்டில் கணவருக்கு மட்டுமாவது, அவர் வெளியூரில் இருந்தால் உடனிருக்கும் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வலியில் மயங்கிவிட்டால், 'இவங்க கர்ப்பமா இருக்காங்க' என்று மருத்துவரிடம் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

* திடீரென ஒரு பக்கமாக வரும் கடும் அடிவயிற்று வலி
* வலியோடு ரத்தப்போக்கு, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும்
* தோள்பட்டை நுனியில் வலி
* மயக்கம், கண் இருட்டல், சில்லென்ற வியர்வை, படபடப்பு
* வலியோடு காய்ச்சல் அல்லது நிற்காத வாந்தி

செய்ய வேண்டியவை

* 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். டூவீலரில் பின்னால் உட்கார வைத்து அழைத்துச் செல்ல வேண்டாம்.
* ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்குச் செல்லவும். அரசு மருத்துவமனைகளில் 'சீமாங்' மையம் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.
* கடைசி பீரியட்ஸ் தேதி, ரத்த வகை, முன்பு செய்த ஆபரேஷன், சாப்பிட்ட மாத்திரைகள் என அனைத்தையும் மறைக்காமல் சொல்லவும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லவும்.

செய்யக் கூடாதவை

* விளக்கெண்ணெய், பேதி மருந்து, எனிமா எதுவும் வேண்டாம்.
* கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வேண்டாம்.
* ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால், கிளம்பும் முன் காபி, கஞ்சி என எதையும் கொடுக்க வேண்டாம்.
* வலி சற்றுக் குறைந்தது என்பதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டாம்.

மருத்துவமனைக்குப் போய், ஸ்கேன் பார்த்து, 'வெறும் வாயுதாம்மா, பயப்படாதீங்க' என்று சொல்லி அனுப்பினால் அந்த ஓர் இரவு வீண் அலைச்சல்தான். கொஞ்சம் பணமும் தூக்கமும் போகும். அதே வார்த்தையை ஸ்கேன் இல்லாமல் வீட்டிலேயே சொல்லிக்கொண்டால், சில நேரம் உயிரே போகும். பீரியட்ஸ் தள்ளிப்போன ஒரு பெண் இரவு பத்தரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், காலைவரை காத்திருக்க வேண்டாம். அப்போதே கிளம்புங்கள்.